ஒரே திரை, புதுக்கையும் பழகிய கையும்: நெல் கொள்வனவு மென்பொருளுக்கு இடைமுகம் அமைப்பது எப்படி

மாசியில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் அறுவடை சூடுபிடித்ததும், நெல் வாங்கும் இடங்களில் கணினிக்கு முன்னால் இரண்டு விதமான ஆட்கள் இருப்பார்கள். ஒருவர் பல வருசமாகச் சிட்டை போட்டுப் பழகிய இலிகிதர். மற்றவர் அந்தப் போகத்துக்கு மட்டும் எடுக்கப்பட்ட, ஏ.எல். முடித்த பிள்ளை. இருவரும் போட வேண்டியது ஒரே பற்றுச்சீட்டுத்தான். வெளியே நெல் ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும்.

அறிவியல்நகரிலும் வவுனியாவிலும் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, ஊர்ச் சங்கங்களுக்கும் கடைகளுக்கும் மென்பொருள் செய்துகொடுக்க இறங்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். எடுத்துக்காட்டு நெல் கொள்வனவுதான் என்றாலும், பால் சேகரிக்கும் நிலையத்துக்கும் வன்பொருள் கடைக்கும் பெரும்பாலும் இதே முறை சரிவரும்.

தொடங்கும்போது பலரும் செய்வது, "எளிய முறை", "நிபுணர் முறை" என்று இரண்டு திரைகளைக் கட்டுவது. செய்யாதீர்கள். ஒரு நாளில் நூறு சிட்டை போடும் பிள்ளை இரண்டாம் கிழமையே பழகியவர் ஆகிவிடுவார். காலபோக நெல் முடிந்து சிறுபோக அறுவடை வரை அந்தப் பக்கம் போகாவிட்டால், ஆவணியில் அவரே மறுபடியும் புதியவர். எளிய திரையில் பழகியது நிபுணர் திரையில் உதவாது. எப்போது மாறுவது என்றும் யாருக்கும் தெரியாது. நீங்களும் ஒவ்வொரு பிழையையும் இரண்டு இடத்தில் திருத்த வேண்டிவரும். ஒரே திரையில் மெதுவாகப் போகிறவருக்கு வழி தெரிய வேண்டும், வேகமாகப் போகிறவருக்கு வழி மறிக்கக்கூடாது. இனி வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: தகவல் எந்த ஒழுங்கில் வருகிறது என்று பாருங்கள்

ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன், சிட்டை எழுதும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்க இருங்கள். கையில் ஒரு சி.ஆர். கொப்பி போதும். ஒவ்வொரு கமக்காரருக்கும் நான்கு விடயங்களைக் குறியுங்கள்: எந்தத் தகவல் முதலில் வந்தது, அது எங்கிருந்து வந்தது, எழுதுபவர் எங்கே கேள்வி கேட்டார், எங்கே திரும்பிப்போய்த் திருத்தினார்.

பெரும்பாலும் ஐ.சி. எனும் தேசிய அடையாள அட்டை முதலில் மேசைக்கு வரும், பிறகு ஈரப்பதன், பிறகு தராசிலிருந்து மூடைக் கணக்கும் நிறையும், கடைசியில் காசு எப்படி வேண்டும் என்பது. சில இடங்களில் தராசுத் துண்டுதான் முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். திரையில் கட்டங்கள் இந்த ஒழுங்கிலேயே இருக்க வேண்டும். நிறை முதலில் வந்து, திரை பெயரை முதலில் கேட்டால், எழுதுபவர் நிறையை ஒரு கடதாசித் துண்டில் குறித்துவைப்பார். அந்தத் துண்டிலிருந்து திரைக்கு ஏறும்போதுதான் 2,140 கிலோ 2,410 ஆகும்.

அந்தக் கொப்பியில் இன்னொரு கணக்கும் எடுங்கள். ஒவ்வொரு தகவலும் பத்துச் சிட்டையில் எத்தனைக்குத் தேவைப்பட்டது? பத்துக்குப் பத்து என்றால் எப்போதும் திரையில் இருக்கட்டும். பத்துக்கு ஒன்று என்றால், உதாரணமாகக் கடன் கழிப்பது, வங்கிக் கணக்கு மாற்றுவது போன்றவை, "மேலதிக விபரம்" என்ற மூடிய பகுதிக்குள் போகட்டும். அதை ஒருவர் திறந்து வைத்தால் அடுத்த முறையும் அவருக்குத் திறந்தே இருக்க வேண்டும். இந்த நினைவைக் கணினியில் வைக்காமல் ஆளின் கணக்கில் வையுங்கள். கவுண்டரில் ஒரு கணினியை மூன்று பேர் மாறி மாறிப் பாவிப்பார்கள்.

படி 2: முன்கூட்டியே நிரப்புங்கள், ஆனால் கவனமாக

திகதி, போகம், அன்றைய விலை ஆகியவை தானாக வரட்டும். கடைசியாகத் தெரிவு செய்த நெல் இனமும் வரலாம். ஒரே வாய்க்கால் பக்கத்திலிருந்து வரும் பத்து வண்டியிலும் பெரும்பாலும் ஒரே இனம்தான் இருக்கும்.

நிறை, ஈரப்பதன், காசு ஆகிய மூன்றும் ஒருபோதும் தானாக நிரம்பக்கூடாது. ஈரப்பதனுக்கு 14 என்று போட்டுவைத்தால் பழகியவர் வேகத்தில் அதைத் தாண்டிப் போய்விடுவார். ஒரு நாள் முழுக்க எல்லா நெல்லும் 14 சதவீதமாகவே பதிவாகியிருக்கும். சேமிக்க ஏற்ற உலர்ச்சி அதுதான் என்பதால் பார்ப்பவருக்குச் சந்தேகமும் வராது.

கட்டத்தின் பெயரைக் கட்டத்துக்கு மேலே எழுதுங்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் எழுதிவைத்தால் தட்டச்சிட்டவுடன் மறைந்துபோகும், புதியவர் எதற்கு எதை எழுதினேன் என்று தேடுவார். சாம்பல் நிறத்துக்கு வேறொரு பிரச்சினையும் உண்டு. தகரக் கொட்டிலில் மத்தியான வெளிச்சத்தில் அது தெரியவே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்பது இணைய அணுகல் தரத்தின் அளவு. கவுண்டருக்கு வெள்ளையில் கறுப்பே நல்லது.

படி 3: தமிழ் எழுத்தைச் சரியாகக் கையாளுங்கள்

ஆங்கில மாதிரியை வைத்துத் திரையை வரைந்து, பிறகு சொற்களை மட்டும் தமிழாக்கினால் பொத்தான்கள் உடையும். முதல் கோட்டிலிருந்தே தமிழில் வரையுங்கள். வரி உயரத்தை எழுத்து அளவின் 1.5 மடங்குக்குக் குறைக்காதீர்கள், "கூ", "டீ", "ஸ்ரீ" போன்றவற்றின் மேலும் கீழும் வெட்டுப்படும்.

பழைய பட்டியல்கள் பல பாமினி எழுத்துருவில் கிடக்கும். அது கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்து. அப்படியே தரவுத்தளத்தில் ஏற்றினால் தேடல் வேலை செய்யாது. முதலில் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதில் ஒரு ஐம்பது பெயரையாவது ஊர்க்காரர் ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

யூனிகோடிலும் ஒரு பொறி இருக்கிறது. "நொ" என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், தேடும்போது ஒன்று அகப்படாது. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் இரண்டையும் ஒரே வடிவமாக்கும் என்.எஃப்.சி. என்னும் இயல்பாக்கத்தைச் செய்துவிடுங்கள். நீள அளவையும் பாருங்கள். "கிளிநொச்சி" கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடில் 10 குறியீடு, யு.டி.எஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 30 பைட். பெயருக்கு 30 பைட் ஒதுக்கினால் முதலெழுத்தோடு வரும் பெயர்கள் பல முழுதாக அடங்கா. கமக்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதானாலும் இதே சிக்கல்தான். தமிழில் ஒரு செய்திக்கு 70 குறியீடுதான், ஆங்கிலத்தின் 160 அல்ல.

படி 4: மவுஸைத் தொடாமல் ஒரு சிட்டை

பழகியவருக்கு வேகம் கொடுப்பது இந்தப் படிதான். 1980 இல் கார்ட், மோரன், நியூவெல் ஆகிய மூவர் கணினி வேலையின் நேரத்தை முன்கூட்டிக் கணிக்க ஓர் எளிய முறையை வெளியிட்டார்கள். கையைக் கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கொண்டுபோக 0.4 விநாடி, ஓர் இடத்தைச் சுட்ட 1.1 விநாடி, தட்டச்சைத் தொழிலாகச் செய்யாத சராசரி ஆளுக்கு ஒரு விசைக்கு 0.28 விநாடி என்பன அதில் உள்ள அளவுகள். ஒரு கிளிக்குக்கு 0.2 என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நெல் இனத்தைக் கீழ்விரியும் பட்டியலில் தெரிவு செய்வதைக் கணக்கிடுங்கள். கை மவுஸுக்குப் போக 0.4, பட்டியலைச் சுட்டிக் கிளிக் செய்ய 1.3, உள்ளே "சம்பா"வைச் சுட்டிக் கிளிக் செய்ய 1.3, கை திரும்பி வர 0.4. மொத்தம் 3.4 விநாடி. அதே வேலையை "2" அடித்து, இன்னொரு விசையால் அடுத்த கட்டத்துக்குப் போய்ச் செய்தால் 0.56 விநாடி. இப்படி மூன்று பட்டியல்கள் இருந்தால் ஒரு சிட்டைக்கு 8.5 விநாடி மிச்சம். நாளுக்கு 150 சிட்டை என்றால் 21 நிமிடம். வெயிலில் வண்டியோடு நிற்பவருக்கு அது சின்ன விடயமில்லை.

ஆகவே பட்டியலைத் தூக்கிவிட்டு, தெரிவுகளை எண்ணோடு வரிசையாகக் காட்டுங்கள்: 1 நாடு, 2 சம்பா, 3 கீரிச்சம்பா. புதியவர் வாசித்துக் கிளிக் செய்வார். இரண்டு நாளில் கண் எண்ணைப் பிடித்துக்கொள்ளும், மூன்றாம் நாள் கை தானாக 2 அடிக்கும். யாரும் அவருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பொத்தான்களுக்கும் அப்படியே: "சேமி" என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே "எஃப்9" என்று சின்னதாக இருக்கட்டும். விரைவு விசைகளை உதவிப் பக்கத்தில் பட்டியல் போட்டுவைத்தால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள்.

எழுத்தைவிட எண்ணை ஏன் விரும்புகிறோம் என்றால், கீபோர்ட் தமிழில் இருக்கிறதா ஆங்கிலத்தில் இருக்கிறதா என்ற குழப்பம் எண்ணுக்குப் பெரும்பாலும் இல்லை. எழுத்து விசையைப் பாவித்தே ஆகவேண்டும் என்றால், உலாவியில் கீபோர்ட் நிகழ்வின் "கீ" என்ற பண்பைப் பார்க்காமல் "கோட்" என்ற பண்பைப் பாருங்கள். பின்னது விசையின் இடத்தைத் தரும். முன்னது தமிழ் அமைப்பில் தமிழ் எழுத்தைத் தரும், உங்கள் "கன்ட்ரோல்+எஸ்" சத்தமில்லாமல் செத்துப்போகும். எஃப்1, எஃப்3, எஃப்5, எஃப்6, எஃப்11, எஃப்12 ஆகியவற்றை உலாவிகள் தமக்கென வைத்திருக்கின்றன. எஃப்2, எஃப்4, எஃப்8, எஃப்9 பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்கும்.

கவுண்டரில் அடிக்கடி வெடிக்கும் இரண்டு விடயங்கள்:

எண் பலகையில் வேலை செய்பவர் ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் என்டர் அடிப்பார், அது கையின் பழக்கம். இணையப் படிவத்தில் என்டர் என்றால் "அனுப்பு". பாதிச் சிட்டை சேமிக்கப்பட்டுவிடும். என்டரை அடுத்த கட்டத்துக்குப் போக வையுங்கள், சேமிப்பதை எஃப்9க்கு விடுங்கள்.

நிறைக்கு "நம்பர்" வகைக் கட்டம் வைத்தால், கர்சர் அதில் நிற்கும்போது மவுஸ் சக்கரம் உருண்டால் எண் மாறக்கூடும். 2,140 அடித்துவிட்டுத் திரையைக் கீழே உருட்டுகிறார், 2,137 சேமிப்பாகிறது. யாருக்கும் ஏன் என்று தெரியாது. சாதாரண எழுத்துக் கட்டமே வைத்து, எண் மட்டும் ஏற்கச் செய்யுங்கள். போனில் எண் பலகை வர "இன்புட்மோட்" பண்பு இருக்கிறது.

படி 5: பிழையை எங்கே மறிப்பது, எங்கே கேட்பது

"நிச்சயமாகவா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் பெட்டி புதியவரைப் பயப்படுத்தும், பழகியவரைக் குருடாக்கும். பத்தாவது முறை அவர் வாசிக்காமலே என்டர் அடிப்பார். உண்மையான பிழை வரும் அன்றும் அதையேதான் செய்வார். கேட்பதற்குப் பதில் திரும்பப்பெறும் வழியைக் கொடுங்கள். சேமித்த சிட்டை பக்கத்தில் பட்டியலாக நிற்கட்டும், எஃப்4 அடித்தால் திருத்தலாம். ஆனால் அச்சிட்டு ஆளிடம் கொடுத்த பிறகு திருத்தம் கிடையாது, அழிப்பதும் கிடையாது. காரணம் எழுதி "ரத்து" செய்து புதிதாகப் போட வேண்டும். கணக்காய்வுக்கு இலக்கம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

எண்களுக்கு இரண்டு வேலி போடுங்கள். நடக்கவே முடியாதது உள்வேலி, அதைத் தாண்ட விடாதீர்கள்: ஈரப்பதன் 0 அல்லது 50க்கு மேல். நடக்கலாம் ஆனால் சந்தேகம் என்பது வெளிவேலி, மஞ்சளில் காட்டிவிட்டுப் போக விடுங்கள்: ஈரப்பதன் 10க்குக் கீழ் அல்லது 28க்கு மேல், மொத்த நிறையை மூடைக் கணக்கால் வகுத்தால் மூடைக்கு 40 கிலோவுக்குக் கீழ் அல்லது 90க்கு மேல். 14ஐ 41 என்று மாற்றி அடித்ததும், 2,140 கிலோ வந்த 32 மூடையை 23 என்று போட்டதும் இந்த வெளிவேலியில்தான் பிடிபடும். எல்லாவற்றையும் உள்வேலியாக்கினால், மழையில் நனைந்த நெல் உண்மையாகவே 30 காட்டும் நாளில் இலிகிதர் பொய்யாக 28 என்று போட்டுவிட்டுப் போவார்.

ஐ.சி. இலக்கத்தை நன்றாகவே சோதிக்கலாம். பழையது 9 இலக்கமும் முடிவில் வி அல்லது எக்ஸ் எழுத்தும், புதியது 12 இலக்கம். பழையதில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே அந்த மூன்று இலக்கம் 1 முதல் 366 வரை அல்லது 501 முதல் 866 வரை இல்லாவிட்டால் பிழைதான். பிறந்த திகதியையும் அதிலிருந்து எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெப்ரவரி எப்போதும் 29 நாளாகவே எண்ணப்படுகிறது. பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின்னால் ஒரு 0 செருகி, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய வடிவம் வந்துவிடும். உள்ளே எல்லாவற்றையும் 12 இலக்கமாகவே வைத்திருங்கள். இல்லாவிட்டால் போன போகம் பழைய ஐ.சி.யோடும் இந்தப் போகம் புதியதோடும் வந்த ஒரே ஆள் இரண்டு பேராக நிற்பார்.

பிழைச் செய்தியை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் வாசித்துக் காட்டலாம் என்ற அளவுக்கு எழுதுங்கள். "செல்லுபடியற்ற உள்ளீடு" என்பது ஒன்றும் சொல்லவில்லை. "ஐ.சி. இலக்கத்தில் 11 இலக்கம் உள்ளது, 12 வேண்டும்" என்றால் என்ன செய்வதென்று தெரியும். செய்தி அந்தக் கட்டத்துக்குக் கீழேயே வரட்டும், அடித்தது அழியக்கூடாது.

படி 6: கறன்ட், நெட், பிரின்டர்

மூன்றும் ஒருநாள் நிற்கும் என்று வைத்துத்தான் கட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் விட்டு வெளியேறும்போதே அரைகுறைச் சிட்டையைக் கணினியிலேயே சேமியுங்கள். கறன்ட் வந்து திறந்தவுடன் விட்ட இடத்தில் நிற்க வேண்டும்.

"சேமித்து அச்சிடு" என்று ஒரே பொத்தான் வைப்பதில் ஒரு கேடு உண்டு. கடதாசி சிக்கினால் ஆள் மறுபடி அழுத்துவார், இரண்டு சிட்டை விழும், ஒரே நெல்லுக்கு இரண்டு முறை காசு போகும். சிட்டைக்கான தனி அடையாளத்தைப் படிவம் திறக்கும்போதே கொடுத்துவிடுங்கள், எத்தனை முறை அழுத்தினாலும் அதே சிட்டைதான் மறுபடி அச்சாக வேண்டும். இரண்டு கவுண்டர் நெட் இல்லாமல் ஓடும் என்றால் தொடர் இலக்கத்துக்கு முன் கவுண்டர் எழுத்தைச் சேருங்கள்.

அழுத்தியது பட்டதா என்பது 0.1 விநாடிக்குள் தெரிய வேண்டும், பொத்தான் நிறம் மாறினாலே போதும். ஒரு விநாடிக்கு மேல் இழுத்தால் "சேமிக்கிறது" என்று காட்டுங்கள். 10 விநாடியைத் தாண்டுமென்றால் எவ்வளவு முடிந்தது என்றும், நிறுத்தும் வழியும் காட்டுங்கள். இவை பயன்பாட்டியலில் நெடுங்காலமாக நிலைத்த அளவுகள்.

படி 7: சோதிப்பது

கடதாசியில் வரைந்த திரையோடேயே முதல் சோதனையைச் செய்யலாம். மூன்று புதியவர், மூன்று பழகியவர் போதும். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவுகோல் வேண்டாம். புதியவரிடம் தராசுத் துண்டும் மாதிரி ஐ.சி. ஒன்றும் கொடுத்து, யாரிடமும் கேட்காமல் முதல் சிட்டை முடிகிறதா, எங்கே கை நின்றது என்று பாருங்கள். பழகியவரிடம் இருபது சிட்டை கொடுத்து, மொத்த நேரத்தையும் எத்தனை தரம் மவுஸைத் தொட்டார் என்பதையும் எடுங்கள். பழைய முறையில் அவர் எடுத்த நேரத்தைவிடக் கூடினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர் சிட்டைப் புத்தகத்துக்கே திரும்பிப் போவார்.

எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். எங்கட சனம் முகத்துக்கு நேரே குறை சொல்லாது. "நல்லாத்தான் இருக்குது தம்பி, எனக்குத்தான் விளங்கேல்லை" என்பார்கள். அதில் இரண்டாவது பாதிதான் உங்களுக்கு வேண்டிய தகவல். வாயை மூடிக்கொண்டு கையைப் பாருங்கள். நடுவில் நீங்கள் "அதை அழுத்துங்கோ அண்ணை" என்று சொன்னால் அந்தச் சோதனை அத்தோடு வீண்.

படி 8: கொடுத்த பிறகு

அறுவடை நடுவே ஒரு பொத்தானையும் இடம் மாற்றாதீர்கள், நல்லதுக்கென்றாலும். பழகியவர் திரையை வாசிப்பதில்லை, இடத்தை வைத்துத்தான் போகிறார். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2000 இல், அடிக்கடி பாவிக்காத கட்டளைகளைத் தானாக ஒளித்துவைக்கும் மெனுக்கள் வந்தன. புதியவருக்குத் தேடியது காணவில்லை, பழகியவருக்கு இருந்த இடம் மாறியது. 2007 இல் மெனுக்களுக்குப் பதிலாக ரிப்பன் என்ற பொத்தான் பட்டை வந்தபோது முக்கியச் செயலிகளிலிருந்து அவை போய்விட்டன. உங்கள் மென்பொருளும் "கற்றுக்கொண்டு" தானாக ஒழுங்கு மாற்ற வேண்டியதில்லை. மாற்றங்களைச் சேர்த்துவைத்து, இரண்டு போகத்துக்கு நடுவில் ஒரே தடவையாகப் போடுங்கள். எண்களுக்கு இருந்த அர்த்தத்தை மட்டும் எப்போதும் மாற்றாதீர்கள். 2 சம்பா என்றால் கடைசிவரை சம்பாதான், புதிய இனம் வந்தால் 4.

கடைசியாக, மறந்துபோனவருக்கு ஒரு வசதி. ஒருவர் 60 நாளுக்கு மேல் உள்நுழையவில்லை என்றால், முதல் நாள் காட்டிய வழிகாட்டி வரிகளை ஐந்து சிட்டைக்கு மறுபடி காட்டுங்கள். அவை கட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கட்டும், நடுவில் எழும்பி வழிமறிக்க வேண்டாம். எஸ்கேப் அடித்தால் போய்விட வேண்டும்.